தங்கிய படையும் தாமதமாக வந்த பதக்கமும்

முதுகலை மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தாள் நடத்துகையில், ஒரு பதக்கத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதித் தமிழாக்கச் சொன்னோம். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினருக்கென உருவாக்கப்பட்ட பதக்கம் அது. பெரும்பாலானோர் 'ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படைப் பதக்கம்' என்று எழுதினர். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "ஐயா, இதைப் படித்தால் ஜெர்மனிதான் யாரையோ ஆக்கிரமித்தது போல் தோன்றுகிறது. அதுவும் போக, ஆக்கிரமித்ததற்கு யாராவது பதக்கம் கொடுப்பார்களா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி நம்மைச் சில வாரங்கள் விடாமல் தொடர்ந்தது. இக்கட்டுரை அதன் விளைவே.

ஆக்கிரமிப்பு என்ற சொல் தமிழில் ஏற்கனவே தீர்ப்பு வழங்கிவிட்ட சொல். புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டவருக்கு வரும் அறிவிப்பிலும், நடைபாதைக் கடைகளை அகற்றும் செய்தியிலும் நாம் அதைக் காண்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு நிகரான சொல்லோ ஒருவரின் தொழிலையும், ஒரு வீட்டில் குடியிருத்தலையும்கூடக் குறிக்கும். போர் தொடர்பான சட்டத்தில் அது ஒரு நிலைமையின் பெயர், அவ்வளவே. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை அந்த நிலைமையை வரையறுத்து, பகைவர் நிலத்தில் அதிகாரம் செலுத்தும் படைக்குக் கடமைகளையும் விதித்தது. பொது ஒழுங்கை மீட்டெடுக்க வேண்டும். முற்றிலும் இயலாத நிலையிலன்றி அந்நாட்டின் சட்டங்களை மதிக்க வேண்டும். குடும்ப மானத்தையும் தனியார் உடைமையையும் காக்க வேண்டும். தனியொருவர் செய்த குற்றத்துக்கு ஊரையே தண்டிக்கலாகாது. சட்டத்தின் பார்வையில் அந்தப் படை ஒரு பொறுப்பாளர். வீட்டுக்காரரின் பார்வையில் அது என்னவாக இருந்தது என்பது வேறு கதை. அந்தப் பதக்கத்தின் வரலாறு இவ்விரு பார்வைகளுக்கும் நடுவில் கிடக்கிறது.

*

1918 நவம்பர் 11 அன்று போர் நின்றது. போர்நிறுத்த விதிகளின்படி ரைன் நதியின் இடக்கரை முழுவதையும், அத்துடன் கொலோன், கோப்லென்ஸ், மைன்ஸ் ஆகிய நகரங்களுக்கு எதிரே வலக்கரையில் முப்பது கிலோமீட்டர் ஆரமுள்ள நிலப்பகுதிகளையும் நேச நாட்டுப் படைகள் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டன. கொலோன் ஆங்கிலேயருக்கு, மைன்ஸ் பிரெஞ்சுக்காரருக்கு, ஆகென் பெல்ஜியருக்கு. நடுவிலிருந்த கோப்லென்ஸ் அமெரிக்கர் பங்காயிற்று. ஜெனரல் ஜோசப் டிக்மன் தலைமையிலான மூன்றாம் இராணுவம் டிசம்பர் 1 அன்று ஜெர்மன் எல்லைக்குள் நுழைந்து, டிசம்பர் 13 அன்று ரைனைக் கடந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். அவர்களுள் பலர் அதற்கு ஓராண்டு முன்பு வரை வயலிலோ ஆலையிலோ வேலை பார்த்தவர்கள்.

கோப்லென்ஸ் நகரம் ரைனும் மோசெலும் கூடுமிடத்தில் அமைந்தது. அதற்கு நேர் எதிரே, ஆற்றின் மறுகரையில், செங்குத்தான பாறைமீது ஏரன்பிரைட்ஸ்டைன் கோட்டை நிற்கிறது. நெப்போலியன் காலத்துப் போர்களில் தகர்க்கப்பட்ட பழைய கோட்டையின் இடத்தில் 1817க்கும் 1828க்கும் இடையே பிரஷ்ய அரசு கட்டியெழுப்பியது அது. பிரெஞ்சுப் படை மீண்டும் ரைனைக் கடந்து வந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்தக் கோட்டையின் உச்சியில் 1918 டிசம்பருக்குப் பின் அமெரிக்கக் கொடி பறந்தது.

இத்தனை பேரை எங்கே தங்கவைப்பது? பாசறைகள் போதவில்லை. ஆகவே ஜெர்மானியரின் வீடுகளில் அறைகள் ஒதுக்கப்பட்டன. அதே வேளையில், உள்ளூர் மக்களோடு உறவாடக் கூடாது என்ற கண்டிப்பான ஆணையும் பிறந்தது. ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே அடுப்பில் குளிர்காய்ந்து, வீட்டுக்காரக் கிழவியோடு பேசாதிருக்க வேண்டும். மனித இயல்பை அறிந்தவர் எவரும் இவ்வாணையின் ஆயுளைக் கணித்துவிடலாம். நேச நாடுகளின் கடல் முற்றுகை 1919 ஜூலை வரை முழுதாக விலக்கப்படவில்லை; ஜெர்மன் நகரங்களில் பசி இருந்தது. வீரனின் பையில் ரொட்டியும் சோப்பும் இருந்தன. குழந்தைகள் அவனைச் சுற்றி வந்தன. தடை ஏட்டில் இருந்தது, நடைமுறையில் கரைந்தது. பின்னர் திருமணங்களுக்கும் அனுமதி தரவேண்டியதாயிற்று.

உறவு இனித்தது என்று மட்டும் கொள்வதும் பிழையாகும். உள்ளூர்க்காரர்கள் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும்; ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும்; கூட்டம் கூடுவதற்கும் செய்தித்தாள் நடத்துவதற்கும் படையின் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும்; கடுமதுவை விற்கலாகாது. மீறியவர் நிற்கவேண்டிய இடம் இராணுவ நீதிமன்றம். போர்முனையில் இருந்த கணவனோ மகனோ திரும்பாத வீட்டில், அவனை எதிர்த்துப் போரிட்ட படையைச் சேர்ந்த ஒருவன் வந்து தங்குகிறான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். அழைக்காமல் வந்தவன் என்பது அதனால் மாறிவிடாது.

*

1919 ஜூலை 2 அன்று மூன்றாம் இராணுவம் கலைக்கப்பட்டது. பெரும்பகுதியினர் கப்பலேறினர். எஞ்சியோர் 'ஜெர்மனியிலுள்ள அமெரிக்கப் படை' என்ற பெயரில் மேஜர் ஜெனரல் ஹென்றி டி. ஆலன் தலைமையில் தொடர்ந்தனர். இங்கே ஒரு விந்தையான நிலைமை உருவாயிற்று. வெர்சாய் ஒப்பந்தப்படி ரைன்லாந்தில் படைகள் பதினைந்து ஆண்டுகள்வரை தங்கலாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் நிராகரித்துவிட்டது. ஆகவே கோப்லென்ஸில் காவல் நின்ற அமெரிக்க வீரன், தன் நாடு ஏற்காத ஓர் ஒப்பந்தத்தின் காலத்தில், தன் நாடு சட்டப்படி இன்னும் போரிலிருக்கும் ஒரு தேசத்தின் தெருவில் நின்றான். அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான போர் முடிந்தது என்ற தீர்மானம் 1921 ஜூலை 2 அன்றுதான் கையெழுத்தானது. தனியான பெர்லின் ஒப்பந்தம் ஆகஸ்ட் 25 அன்று வந்தது.

ஆலன் குதிரைப்படையிலிருந்து வந்தவர்; நிதானமானவர். அவர் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுப் பகுதியில் ஆப்பிரிக்கக் காலனிகளைச் சேர்ந்த வீரர்களும் நிறுத்தப்பட்டிருந்தனர். அவர்கள் ஜெர்மன் பெண்களைக் கூட்டங்கூட்டமாகச் சூறையாடுகின்றனர் என்று 1920இல் பெரும் பிரசாரம் கிளம்பியது. 'கருப்பு அவமானம்' என்று அதற்குப் பெயரிட்டனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படித்தவர்களே அதை நம்பினர். வாஷிங்டன் கேட்டுக்கொண்டதற்கிணங்க விசாரித்த ஆலன், தனித்தனிக் குற்றங்கள் நிகழ்ந்துள்ளன, ஆயினும் மொத்தமாகச் சுமத்தப்படும் கொடுமைகள் பொய்யானவை, அரசியல் நோக்கம் கொண்டவை என்று அறிக்கை அளித்தார்.

அறிக்கை உண்மையைச் சொன்னது, பிரசாரம் நிலைத்துவிட்டது. அந்த வீரர்களுக்கும் ஜெர்மன் தாய்மாருக்கும் பிறந்த குழந்தைகளை நாஜி அரசு பட்டியலிட்டு வைத்திருந்தது. 1937இல் அவர்களுள் ஏறத்தாழ 400 பேருக்கு இரகசியமாகக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அப்போது அவர்கள் பதின்ம வயதினர். படைகள் போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும் கணக்கு இவ்வாறு தீர்க்கப்பட்டது. வந்தவர்கள் பிரெஞ்சுக் கொடியின் கீழ் வந்தவர்கள். தண்டனையோ யாரையும் அழைத்திராத, யாரோடும் போரிட்டிராத பிள்ளைகளுக்கு.

ஜெர்மன் நாணயம் சரிந்துகொண்டிருந்தது. 1914இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 ஜனவரியில் ஏறத்தாழ 18,000 மார்க். டாலரில் ஊதியம் பெற்ற அமெரிக்கச் சிப்பாய், தன் ஊரில் ஏழையாக இருந்தவன், கோப்லென்ஸில் செல்வந்தன் ஆனான். அவன் தங்கிய வீட்டின் உரிமையாளர், வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு ஒரு வேளை உணவு வாங்கத் திணறினார். இந்தத் தலைகீழ் மாற்றத்தை விதி எதுவும் உண்டாக்கவில்லை. எந்த ஆணையாலும் தடுக்கவும் இயலவில்லை.

இழப்பீட்டுத் தவணை தவறியதைக் காட்டிப் பிரான்சும் பெல்ஜியமும் 1923 ஜனவரி 11 அன்று ரூர் பகுதிக்குள் படை நடத்தின. அதற்கு உடன்பட விரும்பாத அமெரிக்கா, முதல் நாளே தன் படையைத் திரும்ப அழைத்துவிட்டது. ஜனவரி 24 அன்று ஏரன்பிரைட்ஸ்டைன் கோட்டையில் அமெரிக்கக் கொடி இறங்கியது. கோப்லென்ஸ் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறியது. வந்தபோது இருந்த இரண்டு லட்சத்தில், கடைசியாகக் கிளம்பியவர்கள் ஆயிரம் பேரளவிலேயே இருந்தனர்.

*

இனிப் பதக்கத்துக்கு வருவோம். போரில் பங்கெடுத்த அனைவருக்குமான வெற்றிப் பதக்கம் 1919இலேயே நிறுவப்பட்டுவிட்டது. தங்கிக் காவல் காத்தவர்களுக்கெனத் தனிப் பதக்கம் அப்போது இல்லை. அதற்கான சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய நாள் 1941 நவம்பர் 21. கொடி இறங்கிப் பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. 1918 நவம்பர் 12 முதல் 1923 ஜூலை 11 வரையிலான காலத்தில் ஜெர்மனியிலோ ஆஸ்திரிய-ஹங்கேரியிலோ பணியாற்றியோர் அதற்கு உரியவராயினர். இருபது வயதில் கோப்லென்ஸ் தெருவில் நின்றவருக்கு அப்போது நாற்பதைக் கடந்திருந்தது.

தாமதம் இப்பதக்கத்துக்கு மட்டும் உரியதன்று. 1902இல் முடிந்த கியூபப் பணிக்கான பதக்கம் 1915இல் வந்தது. 1898இல் சில மாதங்களே நீடித்த போர்ட்டோ ரிக்கோ பணிக்கான பதக்கம் 1919இல் வந்தது. கியூபாவைவிட்டு அந்தப் படை வெளியேறியது. போர்ட்டோ ரிக்கோ இன்றளவும் அமெரிக்க ஆட்சிப் பகுதியாகவே இருக்கிறது. பதக்கத்தில் முடிவுத் தேதி ஒன்று இருக்கிறது என்பதால் செயல் முடிந்துவிட்டது என்று பொருளாகிவிடாது.

ஜெர்மனிப் பதக்கம் வெண்கலத்தாலானது. முன்புறத்தில் ஜெனரல் ஜான் ஜே. பெர்ஷிங்கின் பக்கவாட்டு முகம், அவர் பெயர், நான்கு விண்மீன்கள். அருகே இலை வளையத்தினுள் ஒரு வாளும் 1918, 1923 என்ற ஆண்டுகளும். பெர்ஷிங் ஐரோப்பாவில் போரிட்ட அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி. பதக்கம் உருவானபோது உயிரோடிருந்தவர். ஆனால் அவர் 1919 செப்டம்பரிலேயே நாடு திரும்பிவிட்டார். மூன்றரை ஆண்டுகள் அங்கேயே இருந்து, கொடி இறங்கும்வரை பொறுப்பேற்ற ஆலனின் முகம் பதக்கத்தில் இல்லை. போரின் முகமே, தங்கியிருந்த காலத்தின் முகமாகவும் வைக்கப்பட்டது.

பின்புறந்தான் நம்மை நெடுநேரம் நிறுத்தியது. அங்கே ஏரன்பிரைட்ஸ்டைன் கோட்டை. அதன்மீது சிறகு விரித்து நிற்கும் அமெரிக்கக் கழுகு. கோட்டையைப் பதித்தவர்கள் கோட்டைக்குக் கீழே இருந்த ஊரைப் பதிக்கவில்லை. வட்டமான சிறு வெண்கலத் துண்டில் எல்லாவற்றுக்கும் இடம் இராது என்பது உண்மையே. ஆயினும் எதற்கு இடம் ஒதுக்கப்பட்டது என்பதும் ஒரு வரலாற்றுச் செய்திதான்.

தேதியை மீண்டும் ஒருமுறை நோக்குவோம். 1941 நவம்பர் 21. அதற்கு ஐந்தாண்டுகளுக்கும் முன்பே, 1936 மார்ச் 7 அன்று, ஹிட்லரின் படை ரைன்லாந்தினுள் நுழைந்து ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்துவிட்டது. ஐரோப்பா மீண்டும் எரிந்துகொண்டிருந்தது. சட்டம் நிறைவேறிய பதினாறாம் நாள் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. இருபதாம் நாள், டிசம்பர் 11, ஜெர்மனி அமெரிக்காமீது போர் அறிவித்தது. ரைன் கரையில் அமைதியைக் காத்ததற்கான பதக்கம், அந்த அமைதி மிச்சமின்றி அழிந்தபின், அடுத்த போரின் வாசலில் வழங்கப்பட்டது. காவல் நின்ற வீரனின் குற்றமன்று இது. அவன் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான்.

*

அந்தக் காலத்தை நினைவில் வைக்க வேறொரு முயற்சியும் நடந்தது. அது வெண்கலத்தில் அன்று, காகிதத்தில். கோப்லென்ஸில் பொதுமக்கள் நிர்வாகத்துக்குப் பொறுப்பாயிருந்த கர்னல் இர்வின் ஹண்ட், 1920இல் நீண்டதோர் அறிக்கை எழுதினார். தம் படையைப் புகழ்வதற்காக எழுதப்பட்டதன்று அது. போரின் விளைவால் ஏறத்தாழ பத்து லட்சம் குடிமக்களின் வாழ்வு தம் கையில் வந்து சேர்ந்தபோது, அவர்களை நிர்வகிப்பதற்கான பயிற்சியோ அமைப்போ அமெரிக்கப் படையிடம் இருக்கவில்லை என்று அவர் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். படைப்பிரிவுகளின் எல்லை ஒன்று, ஜெர்மன் மாவட்டங்களின் எல்லை வேறொன்று. மக்களின் வழக்குகளைக் கவனிக்க அமர்த்தப்பட்ட அதிகாரிகளுக்கு அந்நாட்டின் சட்டமும் தெரியாது, மொழியும் தெரியாது. ஊரைப் புரிந்துகொள்ளும் முன்னரே இடமாற்றம் வந்துவிடும்.

இந்த அறிக்கை பல ஆண்டுகள் அதிகம் படிக்கப்படாமல் கிடந்தது. இரண்டாம் போர் நெருங்கியபோதுதான் அது தூசி தட்டப்பட்டது. 1940இல் வெளியான இராணுவ ஆட்சிக் கையேட்டில் அதன் பாடங்கள் இடம்பெற்றன. 1942 மே மாதம், பதக்கச் சட்டம் வந்து ஆறு மாதங்களில், வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் இராணுவ ஆட்சிக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பிறர் நாட்டில் தங்கப்போகும் அதிகாரிகளுக்கு அந்நாட்டின் நிர்வாகமும் மொழியும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1945க்குப் பின் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் எல்லாம் செம்மையாக நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கும் பசி இருந்தது. உறவாடத் தடை என்ற பழைய ஆணை மறுபடி பிறந்து மறுபடி தோற்றது. ஆனால் முன்னவர் தம் குறையை எழுதிவைத்ததால், பின்னவர் குறைந்தபட்சம் கற்கவேண்டும் என்பதையாவது அறிந்திருந்தனர். ஹண்டின் அறிக்கை செய்த இந்த வேலையைப் பதக்கத்தால் செய்ய இயலாது.

1945 ஏப்ரல் 6 அன்று அதே ஏரன்பிரைட்ஸ்டைன் கோட்டையில் ஜெனரல் ஓமர் பிராட்லியின் முன்னிலையில் அமெரிக்கக் கொடி மீண்டும் ஏறியது. 1946இல் புதியதொரு பதக்கம் நிறுவப்பட்டது. அதன் முன்புறத்தில் கோப்லென்ஸுக்கு வடக்கே, அதே ரைன்மீது அமைந்திருந்த ரெமாகன் பாலத்தின் கோபுரங்கள். பின்புறத்தில் ஜப்பானின் ஃபூஜி மலையும் இரு படகுகளும். தொடர்ந்து முப்பது நாள் பணியாற்றியிருந்தால் போதும். மேற்கு ஜெர்மனிக்கு 1955 மே 5 வரை, ஜப்பானுக்கு 1952 ஏப்ரல் 27 வரை, பெர்லின் நகருக்கோ 1990 அக்டோபர் 2 வரை. ஜெர்மனி ஒன்றிணைந்ததற்கு முதல் நாள் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து கால் நூற்றாண்டு கழித்துப் பிறந்த ஒருவர், அப்போரின் விளைவான பதக்கத்தை அணிய முடிந்தது.

*

ஏரன்பிரைட்ஸ்டைன் இப்போது அருங்காட்சியகம். 2011இல் நடந்த தோட்டக் கண்காட்சிக்காக அமைக்கப்பட்ட கம்பிவட ஊர்தி நகரத்தையும் கோட்டையையும் ஆற்றின் மேலாக இணைத்தது. எதிர்க்கரையில், ஆறுகள் கூடும் முனையில் நின்ற முதலாம் வில்லியம் பேரரசரின் சிலை 1945இல் அமெரிக்கப் பீரங்கிக் குண்டால் சிதைந்தது. வெறும் பீடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே நின்றது. 1993இல் சிலையைப் புதிதாகச் செய்து ஏற்றினர்.

மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். முதலாம் குலோத்துங்கன் தென்னாட்டை வென்றபின் கோட்டாறு முதலிய இடங்களில் நிறுத்திய படைகளை நம் வரலாற்று நூல்கள் 'நிலைப்படை' என்று குறிக்கின்றன. மிடுக்கான சொல். அதில் குற்றச்சாட்டு இல்லை. நிறுத்தியவன் மெய்க்கீர்த்தி பாடுவித்தான். அவன் புகழை நாம் இன்றும் பாடமாக நடத்துகிறோம். கோட்டாற்றில் அந்தப் படைக்கு நெல் அளந்தவர்கள் அதை என்ன சொல்லால் அழைத்தனர் என்று நாமும் கேட்டதில்லை, பாடநூலும் கேட்டதில்லை. அமெரிக்கப் பதக்கத்தில் கோட்டைக்குக் கீழிருந்த ஊர் இல்லை என்று குறைப்பட நமக்கு உரிமை உண்டா என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது.

அடுத்த வகுப்பில் இரு தமிழாக்கங்களையும் கரும்பலகையில் எழுதினோம். 'ஜெர்மனியில் நிலைகொண்ட படைக்கான பதக்கம்' என்பது ஒன்று. 'ஜெர்மனியை ஆக்கிரமித்த படைக்கான பதக்கம்' என்பது மற்றொன்று. எது சரி என்று மாணவர்கள் கேட்டனர். முதலாவது, பதக்கத்தை அணிந்தவரின் தமிழ். இரண்டாவது, அவர் தங்கிய வீட்டுக்காரரின் தமிழ் என்றோம். தேர்வில் எதை எழுதுவது என்றார் ஒருவர். எதை எழுதினாலும் மதிப்பெண் உண்டு, ஆனால் ஏன் அதை எழுதினீர்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.